குளூட்டன் இல்லாத சீஸ் உருளைக்கிழங்கு: கூடை வகை ஏர் ஃப்ரையர் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

ஏர் ஃப்ரையர் மதிப்புரைகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன: எண்ணெய் எவ்வளவு மிச்சமாகிறது, கோழித்தொடை எவ்வளவு மொறுமொறுப்பாக வருகிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உடலுக்கு ஆகாத சீலியாக் நோய் உள்ள ஒருவர் சாப்பிட உட்காரும் வீட்டில் இவ்விரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. முந்தைய நாள் இதே கூடையில் சூடாக்கிய பரோட்டாவின் துணுக்கு மறுநாள் வறுபடும் உருளைக்கிழங்கில் ஒட்டாதபடி கழுவித் துடைக்க இந்த இயந்திரத்தின் அமைப்பு இடம் கொடுக்கிறதா? எங்கள் மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பதால், நாங்கள் வாங்கிப் பயன்படுத்திவரும் கூடை வகை ஏர் ஃப்ரையரை இந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டிருக்கிறேன். அதற்கு எடுத்துக்கொண்ட பலகாரம் சீஸ் உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கை வறுப்பதில் இயந்திரம் நன்றாகவே தேறுகிறது. சீஸை உருக்குவதில் நாம் உதவி செய்தால் தேறுகிறது. சுத்தம் செய்வதில் தடுமாறுகிறது. குளூட்டன் விலக்கு உள்ள வீட்டுக்கு அந்தக் கடைசிக் குறைதான் பெரிய குறை.

இந்தப் பலகாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க வீடுகளில் செய்யப்படும் சீஸ் உருளைக்கிழங்கில் டின்னில் வரும் கெட்டியான காளான் சூப்பும், மேலே தூவ நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸும் சேர்வது வழக்கம். அந்தச் சூப்பைக் கெட்டியாக்குவது பெரும்பாலும் கோதுமை மாவு. கார்ன்ஃபிளேக்ஸ் சோளத்தில் செய்ததுதான் என்றாலும் சுவைக்காகக் குளூட்டன் உள்ள பார்லி மால்ட் சேர்த்தவையே கடைகளில் அதிகம். மேற்கத்திய உணவகங்களில் ஊற்றித் தரும் சீஸ் சாஸோ வெண்ணெயில் மைதாவை வறுப்பதில்தான் தொடங்குகிறது. ஆனால் உருளைக்கிழங்கிலும் சீஸிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. சூப்பையும் கார்ன்ஃபிளேக்ஸையும் மைதாவையும் விலக்கிவிட்டால், தனியாக விலை கொடுத்து வாங்கும் ‘குளூட்டன் இல்லாத’ பொட்டலம் எதுவும் இல்லாமலேயே வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடக்கூடிய பலகாரம் இது. குளூட்டன் இல்லாத ரொட்டிக்குப் பேரங்காடியில் கொடுக்கும் விலையை அறிந்தவர்களுக்கு இந்த வசதியின் அருமை புரியும்.

இயந்திரத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஒரே ஆலையில் ஒரே அச்சில் வார்த்த இயந்திரங்கள் பல பெயர்களில் விற்கப்படும் காலம் இது. பெயரைவிட அமைப்பைப் பார்ப்பதே வாங்குபவருக்குப் பயன்தரும். எங்களுடையது சுமார் 4 லிட்டர் கொள்ளளவும் 1,500 வாட் திறனும் கொண்ட இழுப்பறை வகை. வெளிப்பாத்திரம், அதன் அடியில் அமரும் துளைத்தட்டு, மேலே சூடேற்றும் கம்பிச்சுருள், அதற்கும் மேலே மின்விசிறி என்பதே அதன் அமைப்பு. நூறு வெள்ளியை ஒட்டிய விலையில் சிங்கப்பூர்க் கடைகளில் கிடைக்கும் இயந்திரங்களில் பெரும்பாலானவை இதே உருவத்தில்தான் இருக்கின்றன.

‘காற்றில் பொரிப்பது’ என்று விளம்பரங்கள் சொன்னாலும் இங்கே பொரிப்பு எதுவும் நடப்பதில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியபோது புதுமையாகத் தெரிந்த இந்த இயந்திரம், அடிப்படையில் விசிறி வைத்த சிறிய அவன் அடுப்புதான். இடம் சிறிது, விசிறி வேகமானது. அதனால் சூடான காற்று உணவின் மேற்பரப்பில் உள்ள ஈரத்தை விரைந்து விரட்டுகிறது. ஈரம் போன பிறகே மேற்பரப்பின் வெப்பம் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பொன்னிறமும் வறுத்த மணமும் வரும். ஆகவே உருளைக்கிழங்கை எவ்வளவு உலர்வாக உள்ளே வைக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. பொத்தானில் வரைந்திருக்கும் சிப்ஸ் படத்தை நம்பி ஈரத்தோடு உள்ளே தள்ளினால் வெந்த கிழங்கு கிடைக்குமே தவிர வறுத்த கிழங்கு கிடைக்காது.

கிழங்கின் வகையும் முக்கியம். தேக்கா சந்தையிலும் பஃபலோ சாலைக் காய்கறிக் கடைகளிலும் மஞ்சள் சதையுள்ள ‘ஹாலந்து’ உருளைக்கிழங்கு எளிதாகக் கிடைக்கிறது. அமெரிக்க ரஸ்ஸட் வகையைப் பேரங்காடிகளில் தேட வேண்டும். ரஸ்ஸட்டில் மாவுச்சத்து அதிகம், ஈரம் குறைவு. உள்ளே பொலபொலவென்றும் வெளியே கெட்டியான மொறுமொறுப்போடும் வருகிறது. மஞ்சள் கிழங்கு உள்ளே வெண்ணெய்ப் பதமாக இருக்கும், ஓடு மெல்லியதாக இருக்கும். சீஸ் சேர்க்கப்போவதால் எனக்கு மஞ்சள் கிழங்கே பிடித்திருக்கிறது, ஏனெனில் உருகிய சீஸ் எப்படியும் மொறுமொறுப்பில் ஒரு பங்கைக் குறைத்துவிடும், அப்போது உள்ளிருக்கும் சுவைதான் நாவில் நிற்கும். எதை வாங்கினாலும் குறைவாக வாங்க வேண்டும். சிங்கப்பூரின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அலமாரியில் வைத்த கிழங்கு சீக்கிரமே முளைவிடுகிறது. குளிர்பதனப் பெட்டியில் நாட்பட வைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி, உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடுகிறது. பச்சை படர்ந்த கிழங்கைச் சமைக்கவே கூடாது.

நான்கு பேர் கொறிக்க 400 கிராம் கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, வெளியில் உள்ள மாவுச்சத்து போகக் கழுவி, உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்ட கொதிநீரில் ஆறேழு நிமிடம் அரை வேக்காடாக வேகவைக்கிறோம். சோடாவின் காரத்தன்மை கிழங்கின் ஓரங்களைக் கட்டிவைத்திருக்கும் பெக்டினைத் தளர்த்துவதால், வடிகட்டிக் குலுக்கும்போது துண்டுகளின் விளிம்புகள் கரைந்து மாவு பூசியதைப் போல் ஆகின்றன. அந்தக் குழைவுதான் பிறகு வறுபட்டு ஓடாகிறது. மைதா மேற்பூச்சு செய்யும் வேலையைக் கிழங்கு தானே செய்துகொள்கிறது. வடிதட்டிலேயே ஐந்து நிமிடம் ஆவி பறக்க விட்டு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் இரண்டு தேக்கரண்டி அரிசி மாவும் மிளகுத்தூளும் சீரகத்தூளும் சேர்த்துப் புரட்டினால் கிழங்கு தயார். கறிவேப்பிலை போடுவதானால் எண்ணெயில் நனைத்துக் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் போட வேண்டும். முன்பே போட்டால் அது காற்றில் எழும்பிக் கம்பிச்சுருளில் போய்க் கருகும்.

200 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்கிய கூடையில் இந்தக் கிழங்கு 16 முதல் 18 நிமிடத்தில் வறுபடுகிறது. இடையில் இருமுறை வெளியே இழுத்துக் குலுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் இயந்திரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. துண்டுகளின் முனைகள் சிவந்து, பக்கங்கள் பொன்னிறமாகி, விரலால் தட்டினால் சத்தம் வருகிறது. பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது: மாவுச்சத்துள்ள உணவை அதிக வெப்பத்தில் வறுக்கும்போது, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் அக்ரிலமைடு உருவாகிறது என்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள், நிறம் கருக்கக் கருக்க அதன் அளவும் ஏறுகிறது.

கொள்ளளவு விஷயத்தில் மட்டும் விளம்பரத்தை அப்படியே நம்பக் கூடாது. 4 லிட்டர் என்பது பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவே தவிர, உணவைப் பரப்பும் தட்டின் அகலம் அல்ல. கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பினால்தான் காற்று சுற்றிவர முடியும். அப்படிப் பரப்பினால் 400 கிராமுக்கு மேல் இதில் இடமில்லை. விருந்தாளிகள் வந்தால் இரண்டு மூன்று தவணையாகச் செய்ய வேண்டும், முதல் தவணை ஆறிப்போகும், நம் ஊர் ஈரக்காற்றில் மொறுமொறுப்பும் சீக்கிரம் போய்விடும். ‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்று பெட்டியில் அச்சிடுபவர்கள் எத்தனை பேர் கொண்ட குடும்பத்தை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியவில்லை.

அடுத்தது சீஸ், இங்கேதான் இயந்திரத்தின் அமைப்பு பலகாரத்துக்கு எதிராக வேலை செய்கிறது. விசிறி உணவுக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் சுழல்கிறது. மெல்லியதாகத் துருவிய செடார் சீஸை வறுத்த கிழங்கின் மேல் அப்படியே தூவிக் கூடையை உள்ளே தள்ளினால், அது உருகும் முன்பே எழும்பிப் பறக்கிறது. சில இழைகள் கம்பிச்சுருளில் போய் ஒட்டுகின்றன. அங்கே அவை சீறி, புகைந்து, கருத்த பொட்டுகளாகக் காய்ந்துவிடுகின்றன. சில இழைகள் துளைத்தட்டின் வழியே அடியில் விழுந்து, எண்ணெயில் மிதக்கும் பழுப்புத் தகடுகளாகின்றன. சமையலறைக்கு வந்த என் அம்மா கண்ணாடிச் சன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, “தூவாதடா, கெழங்கோட சேத்துப் பெசறி அமுக்கி வெய்யி, அப்பப் பறக்காது” என்றார். தயாரிப்பு நிறுவனம் இயந்திரத்தோடு தந்த சமையல் குறிப்பேட்டில் இந்த ஒரு வரி இல்லை.

அந்த வழியைக் கொஞ்சம் விரித்து இப்போது இப்படிச் செய்கிறோம். வறுத்த கிழங்கைக் கூடையிலிருந்து எடுத்து, கூடைக்குள் அடங்கும் விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் நெருக்கமாக அடுக்குகிறோம். 80 கிராம் சீஸில் பாதியைச் சூடான கிழங்கோடு பிசறி, மீதியைத் தடிமனாகத் துருவி மேலே வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்துகிறோம். கிழங்கின் சூட்டிலேயே அடி சீஸ் இளகி, மேலே இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு வெப்பத்தை 170 டிகிரிக்குக் குறைத்து மூன்று நிமிடம் வைத்தால் போதும். தட்டு அடிக்காற்றைத் தடுப்பதால் மொறுமொறுப்பு சற்றுக் குறைகிறது, உண்மைதான். ஆனால் ஒரு துளி சீஸ்கூடக் கூடையில் விழுவதில்லை, கம்பிச்சுருளிலும் ஒட்டுவதில்லை. பேக்கிங் தாளும் விரிக்கலாம். ஆனால் வெறும் தாளைப் போட்டு இயந்திரத்தைச் சூடாக்கினால் தாள் எழும்பிக் கம்பிச்சுருளைத் தொட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அதன் மேல் எப்போதும் உணவின் எடை இருக்க வேண்டும்.

எந்த சீஸ் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. செடார் தனியாக வேண்டாம். நாட்பட முதிர்ந்த செடாருக்கு மணம் அதிகமென்றாலும் சூடு கூடினால் கொழுப்பு பிரிந்து எண்ணெயாக ஓடி, மிஞ்சுவது ரப்பராகிவிடும். மொசரெல்லா தனியாகவும் வேண்டாம். இழுபடும் அழகு இருக்கும், சுவை போதாது. இரண்டையும் சரிபாதியாகக் கலந்து, அரைத் தேக்கரண்டி சோளமாவைத் தூவிப் பிசறினால், மாவு கொழுப்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால் எண்ணெய் பிரிவது வெகுவாகக் குறைகிறது. பொட்டலத்தில் வரும் துருவிய சீஸில் இழைகள் ஒட்டாதிருக்க உருளை மாவுச்சத்தோ சோள மாவுச்சத்தோ செல்லுலோஸோ ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். அவை பொதுவாகக் குளூட்டன் அற்றவையே. இருந்தாலும் பொருள்பட்டியலைப் படித்துவிடுவது நல்லது. சீஸ் துண்டு வாங்கி வீட்டில் துருவுவதே மலிவு. சைவ உணவுக்காரர்கள் பொட்டலத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பாலைத் திரிய வைக்கும் ரென்னெட், கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததா, நுண்ணுயிரிலிருந்து செய்ததா என்பது.

இனிக் குளூட்டன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் அது. சீலியாக் நோய் உள்ளவர் அதை உண்ணும்போது, அவருடைய நோய் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் குடல் விரலிகளைத் தாக்கிச் சிதைக்கிறது. இது உடல் மெலியச் சிலர் தாமாகக் கடைப்பிடிக்கும் பத்தியம் அல்ல. வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டியது. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1940களில் நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சு குழந்தை மருத்துவர். ஏர் ஃப்ரையரை அறிமுகப்படுத்திய நிறுவனமும் டச்சு, கிழங்கின் பெயரும் ஹாலந்து என்பதால், அந்த நாட்டுக்கு இந்தத் தட்டில் மூன்று பங்கு இருக்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: சந்தேகம் உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லையென்று பரிசோதனை முடிவு வந்துவிடக்கூடும். முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அளவைப் பற்றித் தெரிந்துகொண்டால்தான் இயந்திரத்தைச் சுத்தம் செய்வதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது விளங்கும். அனைத்துலக உணவுத் தரநிலையான கோடெக்ஸ், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத உணவையே குளூட்டன் அற்றது என்று ஏற்கிறது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உட்சென்றாலே குடலில் சேதம் தெரிகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு கிராம் ரொட்டியில் அதற்கு மேலேயே இருக்கிறது. ஒரு கிராம் ரொட்டி என்பது நகத்தளவு துணுக்கு. பரோட்டாவைச் சூடாக்கிய கூடையின் மூலையில் அப்படிப்பட்ட துணுக்குகள் எத்தனை கிடக்கும் என்று எண்ணிப்பாருங்கள். சூட்டில் எல்லாம் எரிந்துபோய்விடும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். 200 டிகிரியில் குளூட்டன் அழிந்துவிடும் என்றால், அதே சூட்டில் சுட்ட ரொட்டியைச் சீலியாக் நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாமே. சூடு கிருமிக்குத்தான் எதிரி, இந்தப் புரதத்துக்கு அல்ல.

எங்கள் இயந்திரத்தில் கழுவ எளிதான பகுதிகள் இரண்டு: பாத்திரமும் துளைத்தட்டும். இரண்டிலும் ஒட்டாப்பூச்சு நன்றாகவே இருக்கிறது, வெந்நீரும் சோப்பும் போதும். கடினமான பகுதிகள் மூன்று. முதலாவது, துளைத்தட்டின் விளிம்பைச் சுற்றி மாட்டியிருக்கும் ரப்பர் பட்டைகள். அவற்றின் அடியில் எண்ணெயும் தூளும் சேர்ந்து பசையாகிவிடுவதால், ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. இரண்டாவது, கைப்பிடி பாத்திரத்தோடு சேரும் இடத்திலுள்ள இடுக்கு. அங்கே பல்துலக்கும் தூரிகையின் முனை மட்டுமே நுழையும். மூன்றாவதுதான் தீர்க்க முடியாதது. கம்பிச்சுருளுக்கு மேலே உள்ள விசிறிக்குக் கை எட்டுவதில்லை. மின்செருகியைப் பிடுங்கி, இயந்திரம் நன்றாக ஆறிய பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, கம்பிச்சுருளை மென்மையான தூரிகையாலும் ஈரத்துணியாலும் துடைக்கலாம். அதற்குப் பின்னால் சுழலும் இதழ்களில் படிந்த மாவுத்தூளைத் துடைக்க வழியில்லை. ரொட்டித்தூள் பூசிய கோழியையோ மைதா தூவிய சமோசாவையோ ஒருமுறை திறந்த கூடையில் வைத்தால், மாவுத்தூள் மேலே ஏறி எங்கே படிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே எங்கள் வீட்டில் எடுத்த முடிவு கண்டிப்பானது: இந்த ஏர் ஃப்ரையருக்குள் கோதுமை நுழையவே நுழையாது. பரோட்டாவும் ரொட்டியும் பழைய டோஸ்டரில் சூடாகின்றன. மற்றவர்களுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. அரிசி மாவும் சோளமாவும் பூசிய மீன் வறுவலும், வாழைக்காயும், உளுந்து அப்பளமும் எல்லோருக்கும் இதே கூடையில்தான் தயாராகின்றன. பாத்திரம் தேய்க்கும் பஞ்சும் தனி. மாவு பிசைந்த தாம்பாளத்தைத் தேய்த்த பஞ்சாலேயே இந்தக் கூடையையும் தேய்த்தால் மேலே சொன்ன எச்சரிக்கைகளுக்கெல்லாம் பொருளே இல்லை. வீட்டில் ஒரே ஒரு ஏர் ஃப்ரையர்தான் இருக்கிறது, அதில் ஏற்கெனவே எல்லாம் சமைத்தாகிவிட்டது என்பவர்கள், குறைந்தபட்சம் துளைத்தட்டையாவது புதிதாக வாங்கி, உணவை எப்போதும் விளிம்புள்ள தட்டிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ வைத்துச் செய்யலாம். அது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. சீலியாக் உறுதிசெய்யப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த இடைவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சமையலறைக்கு வெளியிலிருந்து வரும் குளூட்டனையும் கவனிக்க வேண்டும். இந்தப் பலகாரத்தில் அது பெரும்பாலும் மசாலா வழியாகத்தான் வருகிறது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது பரவலான வழக்கம்; அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, டப்பாவின் பின்புறத்தைப் படித்து வாங்க வேண்டும். வறுவல் மசாலாப் பொட்டலங்கள் சிலவற்றிலும் மாவு கலந்திருக்கும். உறைந்த நிலையில் விற்கும் உருளைத் துண்டுகள் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன, ஆனால் மொறுமொறுப்புக்காக அவற்றில் சிலவற்றின் மேல் கோதுமை மாவுக் கரைசல் பூசப்படுகிறது. சோயா சாஸ் சேர்த்துப் பார்க்க விரும்புவோர், வழக்கமான சோயா சாஸ் கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தது என்பதை நினைவில் கொள்ளட்டும். நல்லவேளையாக, சிங்கப்பூரின் உணவு விதிமுறைகள்படி பொட்டல உணவில் குளூட்டன் உள்ள தானியங்கள் இருந்தால் அதை விவரச்சீட்டில் குறிப்பிட்டே ஆக வேண்டும். முஸ்தஃபாவிலோ ஃபேர்பிரைஸிலோ வாங்கும் பொட்டலத்தில் ‘வீட்’, ‘பார்லி’, ‘ரை’, ‘மால்ட்’ ஆகிய நான்கு சொற்களைத் தேடிப் பழகிவிட்டால், கடையில் செலவாகும் நேரம் வெகுவாகக் குறைந்துவிடும். எடை போட்டுத் தரும் தூள் வகைகளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே கரண்டியால் மைதாவும் மிளகாய்த்தூளும் அள்ளும் கடையில் நாங்கள் எதையும் வாங்குவதில்லை.

வெளியில் இதே பலகாரத்தைச் சாப்பிட முடியாதா என்று கேட்பவர்களும் உண்டு. உணவங்காடி நிலையங்களில் உருளை வறுவல் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் ரொட்டித்தூள் பூசிய மீனும் கோழியும் பொரியும் அதே எண்ணெயில்தான் அதுவும் பொரிகிறது. கடைக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒரு கடையில் இரண்டு எண்ணெய்ச் சட்டி வைக்கச் சொல்வது நியாயமில்லை. வீட்டில் செய்வதே இதற்கு விடை என்பதால்தான் இந்த இயந்திரத்தின் நிறைகுறையை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 1,500 வாட் இயந்திரம் 25 நிமிடம் முழுத் திறனில் ஓடினாலும் 0.6 யூனிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. யூனிட்டுக்கு ஏறக்குறைய 30 காசு என்று வைத்தால் ஒரு தவணைக்கு 20 காசுக்குள் முடிகிறது. பெரிய அவன் அடுப்பைச் சூடாக்கினால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சமையலறையும் கூடவே சூடாகிவிடும். அந்த வகையிலும் இது மேல். இருப்பினும் பின்புறத்திலிருந்து வரும் சூடான காற்றுக்கு இடம் விட வேண்டும். மேல் அலமாரிக்கு அடியில் சுவரை ஒட்டித் தள்ளி வைத்தால் அலமாரியின் அடிப்பலகை நாளடைவில் உப்பிவிடும். நாங்கள் பயன்படுத்தும்போது முன்னால் இழுத்து வைக்கிறோம். விசிறியின் இரைச்சல் கூடத்தில் ஓடும் தொலைக்காட்சியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லும் அளவுக்கு இருக்கிறது.

ஒட்டாப்பூச்சைக் காப்பாற்றுவதும் இந்தக் கதையில் ஒரு பகுதி. பீய்ச்சும் டின்னில் வரும் எண்ணெயில் சேர்க்கப்படும் லெசிதின் என்ற பொருள், ஒட்டாப்பூச்சின் மேல் பிசினாகப் படிகிறது. பிறகு அதைச் சுரண்டும்போது பூச்சும் போகிறது. சுரண்டிய கோடுகளில் துணுக்குகள் தங்கும். எண்ணெயைக் கையாலோ தூரிகையாலோ தடவுவதே சரி, சீஸ் காய்ந்து ஒட்டியிருந்தால் வெந்நீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும், எவர்சில்வர் கரண்டியை உள்ளே விடவே கூடாது.

இதே விலையில் கண்ணாடிக் கதவு வைத்த அவன் வகை ஏர் ஃப்ரையர்களும் கிடைக்கின்றன. சீஸ் உருக்க அவை இன்னும் வசதி: தட்டு அகலமானது, விசிறி பெரும்பாலும் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ இருப்பதால் சீஸ் பறப்பது குறைவு. ஆனால் உள்சுவர் முழுவதும் எண்ணெய் தெறிக்கிறது, அதைக் கழற்றித் தொட்டியில் போட்டுக் கழுவ முடியாது. குளூட்டன் விலக்கு உள்ள வீட்டுக்கு அதனால் நான் இழுப்பறை வகையையே சொல்வேன்.

வாங்கப் போகும்போது கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரத்தின் இழுப்பறையை வெளியே எடுத்து, குனிந்து உள்ளே மேல்நோக்கிப் பாருங்கள். கம்பிச்சுருள் வெளிப்படையாக, துடைக்கக் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, தடுப்புத் தகடு இருந்தால் அது திருகு கழற்றாமல் வெளியே வருகிறதா, துளைத்தட்டு கம்பிவலையா, ஒரே தகட்டில் துளையிட்டதா என்று கவனியுங்கள். கம்பிவலையின் ஒவ்வொரு பின்னலிலும் தூள் தங்கும் என்பதால் துளையிட்ட தகடே நல்லது. பிறகு விற்பனையாளரிடம் துளைத்தட்டும் ரப்பர் பட்டையும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். எங்கள் இயந்திரத்துக்கு ரப்பர் பட்டை மட்டும் தனியாகக் கிடைப்பதில்லை. ஒன்று கிழிந்தபோது தட்டையே முழுதாக வாங்கச் சொன்னார்கள், அது இயந்திரத்தின் விலையில் கால் பங்குக்கு வந்தது.